இருநூறு ரூபா யாருடைய பணம்?

(தலைமன்னார் இறங்குதுறை அருகே நடந்த சங்கக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நேற்றிரவு பஸ்ஸில் நடந்த சண்டைக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை. பின் ஆசனத்தில் இருந்த பெரியவர் சொன்னார்: "சோசலிசத்த எங்கள்ட்ட சொல்லாதீங்க. அம்மையார் காலத்துலயே அதப் பாத்துட்டோம். மரவள்ளிக்கெழங்குக்கும் வழி இல்லாம கெடந்தோம்." முன்னாலிருந்த தம்பி விடவில்லை. "கம்பனிக்குக் குடுத்து முப்பது வருசத்துக்கு மேல ஆச்சே தாத்தா, ஒங்க லயத்துக் கூர மாறிச்சா?" என்று கேட்டார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அதனால்தான் சண்டை முடியவில்லை.

ஆனால் நாம் இன்று பேச வந்தது அந்தச் சண்டையைப் பற்றி மட்டுமல்ல. மதவாச்சியில் தேத்தண்ணி குடிக்க இறங்கினோம். பக்கத்து மேசையில் ஒருவர், நமக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: "தோட்டத்து ஆளுங்களுக்கு இப்ப சம்பளத்துலயும் 200 ரூபா நம்ம வரிக்காசுதான்." நாம் 40 பேருக்கு மேல் அங்கே இருந்தோம். ஒருவரும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பஸ்ஸில் அவ்வளவு சத்தம் போட்ட பெரியவரும் தம்பியும்கூட வாய் திறக்கவில்லை.

அந்த மனிதர் சொன்ன 200 ரூபா என்ன? 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், 1,350 ரூபாவாக இருந்த நமது நாட்சம்பளத்தை 1,550 ஆக்குவதாகவும், அதற்கு மேல் வேலைக்கு வரும் நாளொன்றுக்கு 200 ரூபாவை வரவு ஊக்கத்தொகையாக அரசாங்கமே கொடுப்பதாகவும் சொன்னார்கள். மொத்தம் 1,750. இதற்காகத் திறைசேரியில் 500 கோடி ரூபா ஒதுக்கினார்கள். ஆக, 200 ரூபா பொதுப்பணம்தான். அதை மறுக்க வேண்டியதில்லை. நாம் கேட்க வேண்டியது, பொதுப்பணம் என்றால் யார் போட்ட பணம் என்பதுதான்.

இந்தக் கேள்வியைக் கேட்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நம் முன்னோர் வந்து இறங்கிய கரை இது. இங்கேயும் கீழே அரிப்பிலும் தோணிகளில் இறங்கி, மாத்தளை வரை சுமார் 150 மைல் காட்டுவழியே நடந்தார்கள். 2023இல் ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை அதே வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனபோது, நமது பிள்ளைகள் பலருக்கு அந்தத் தூரம் முதல்முறையாகக் காலில் தெரிந்தது. அந்தக் காலத்தில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கல்லறை இல்லை.

அந்தப் பயணத்துக்கு யார் செலவு செய்தது? துரைமார் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. ஊரில் கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்சாப்பாடு, தோணிக்கூலி எல்லாம் கூலியாளின் பெயரில் கடனாக எழுதப்பட்டது. தோட்டம் மாற வேண்டுமென்றால் அந்தக் கடன்தொகையை எழுதிய 'துண்டு' வேண்டும். புதிய தோட்டம் அதைக் கட்டினால் கடன் அங்கே தொடரும். 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டுமுறையை நிறுத்தினார்கள். அதாவது, முதல் கொழுந்தைக் கிள்ளும் முன்பே நாம் கடன்காரர்.

அடுத்தது அரிசி. நம் பாட்டன் தின்றது இந்தியாவிலிருந்து வந்த அரிசி. தோட்டத்தில் அளந்து கொடுத்துச் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்த அரிசிக்கு வெள்ளைக்கார அரசாங்கம் இறக்குமதி வரி வாங்கியது. உப்பு விற்பனையும் அரசாங்கத்தின் ஏகபோகம். ஆக, கஞ்சியிலும் வரி இருந்தது, அதில் போட்ட உப்பிலும் இருந்தது. அந்த வருமானமும் கோப்பி, தேயிலையில் வந்த வருமானமும் சேர்ந்து ரோட்டானது, ரயிலானது. 1867இல் கண்டிக்கு ரயில் போனது கோப்பி மூட்டைகளை இறக்கத்தான். 1914இல் இந்தத் தலைமன்னாருக்கு ரயிலும் தனுஷ்கோடியிலிருந்து கப்பலும் வந்தது தோட்டங்களுக்கு ஆள் ஏற்றவும்தான்.

பஸ்ஸில் சண்டை போட்ட இருவருக்கும் இங்கே ஒரு விஷயம் இருக்கிறது. அந்த ரயில் அரசாங்கச் சொத்து. அப்போது சோசலிசம் என்ற பேச்சே இந்த நாட்டில் இல்லை. ரயில் அரசாங்கத்துடையது, தண்டவாளத்துக்கு எல்லோரும் வரி கட்டினார்கள், ஆனால் அது போன இடமெல்லாம் முதலாளிக்கு வேண்டிய இடம். அரசாங்கச் சொத்து என்ற பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது.

நாம் ஆசிரியர் என்பதால் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல அனுமதியுங்கள். 1945இல் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். நாடு இன்றும் அதைப் பெருமையாகச் சொல்கிறது, சொல்லத்தான் வேண்டும். ஆனால் தோட்டப் பாடசாலை அதில் சேரவில்லை. லயத்தின் ஓரத்தில் ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்புக்கு மேல் கொழுந்துக்கூடை. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து, அடுத்த ஆண்டில் வாக்கும் போய்விட்ட பிறகு நமக்காகச் சட்டசபையில் கேட்கவும் ஆளில்லை. 1970களின் பிற்பகுதியில்தான் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் முழுமையாகப் பொறுப்பேற்றது. முப்பது வருடம் மற்றப் பிள்ளைகளின் இலவசக் கல்விக்குத் தேயிலையின் ஏற்றுமதி வரி போனது, தேயிலை பறித்தவளின் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

பிறகு 1980களில் நமது பாடசாலைகள் பலவற்றுக்குக் கட்டடம் வந்தது. யார் காசு தெரியுமா? சுவீடன் நாட்டு உதவி. அது முதலாளித்துவ நாடு. கார் செய்யும் பெரிய கம்பனிகள் தனியாருடையவை. ஆனால் அங்குள்ள தொழிலாளரும் முதலாளியும் கட்டும் வரியில்தான் அங்கே பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடக்கின்றன, மிச்சத்தில் ஒரு பங்கு நுவரெலியா மாவட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. நமது வகுப்பறைச் சுவரில் முகம் தெரியாத ஒரு சுவீடன் தொழிலாளியின் வரியும் இருக்கிறது. தம்பி, உன் புத்தகத்தில் உள்ள இரண்டு பெட்டிகளில் இதை எதில் போடுவாய்?

இனி பெரியவரின் பக்கம். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஆட்சியில் இடதுசாரிகளும் இருந்தார்கள். அதே காலத்தில்தான், 1973, 74இல், தோட்டங்களில் பஞ்சம். கிழங்கைத் தேடி ஊர் ஊராக அலைந்தார்கள், பிச்சை எடுத்தார்கள், பலர் செத்தார்கள். வெள்ளைக்காரத் துரை போய் அரசாங்கத் துரை வந்தார், பிரட்டுக்களம் மாறவில்லை. காரணம் ஒன்றுதான்: தோட்டம் மக்களுடையது என்றார்கள், அந்த மக்களின் கணக்கில் நம்மைச் சேர்க்கவில்லை. அதற்கு முன்பே, 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு அரசாங்கங்களும் பங்கு பிரித்திருந்தன. 1984 வரை ஓடிய கப்பலில், இதே இறங்குதுறையிலிருந்து, தகரப்பெட்டியோடு ஏறிப் போனவர்கள் நம் வீட்டு ஆட்கள். இங்கே வந்திருக்கும் அம்மாமார் சிலர் அந்த அழுகையைக் கேட்டவர்கள். போனவர்கள் கட்டிய ரோடும் வெட்டிய மலையும் இங்கேயே இருந்துவிட்டன. நாடோ 1978இல் 'ஜனநாயக சோசலிசக் குடியரசு' என்று பெயர் வைத்துக்கொண்டது. பெயர் வைத்தது, திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்த அரசாங்கம்!

1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போயின. காணி இன்றும் அரசுடையது, 2045 வரை குத்தகை. இதில் நமக்கு விழுந்த அடியைப் பலர் கவனிப்பதில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி, தோட்டத்துக்குள் சபை பணம் செலவழிக்க முடியாமல் இருந்தது. வாக்கு மட்டும் போடலாம். உடைந்த பாலத்தைக் காட்டினால் "அது கம்பனி ரோடு" என்பார் சபைத் தலைவர். கம்பனியில் கேட்டால் "நாங்கள் தேயிலை விற்க வந்தவர்கள், ரோடு போடுவது அரசாங்க வேலை" என்பார்கள். 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அதற்குள் எத்தனை கர்ப்பிணித் தாய்மாரை லொறியில் ஏற்றி அந்த ரோட்டில் கொண்டுபோனோம் என்று நமக்குத் தெரியும்.

இப்போது வரும் வழியில் இடப்பக்கம் பார்த்த காற்றாலைகளுக்கு வருவோம். பிள்ளைகள் எண்ணிப் பார்த்தீர்கள் அல்லவா? அந்தக் கரையில் வரிசையாக 30 நிற்கின்றன. 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி. இலங்கை மின்சார சபை, ஆசிய அபிவிருத்தி வங்கியின் 20 கோடி டொலர் கடனில் கட்டியது. அந்தக் கடன் நம் மின்கட்டணத்திலும் வரியிலும் அடைகிறது. அதன் பிறகு மன்னாரிலும் பூநகரியிலும் அதானி கம்பனி காற்றாலை போட வந்தது. விலைமனு கோராமல், ஒரு யூனிட்டுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்று 2024இல் ஒப்புக்கொண்டார்கள். நீதிமன்றம் வரை போய், ஆட்சியும் மாறி, 2025 பெப்ரவரியில் கம்பனி விலகிக்கொண்டது. சில மாதங்களில், விலைமனு கோரிய இன்னொரு 50 மெகாவாட் திட்டத்தை ஹேலீஸ் குழுமத்தின் கம்பனி 4.65 சதத்துக்கு எடுத்தது. திட்டங்களின் அளவும் நிபந்தனைகளும் வேறு என்பதை ஒத்துக்கொள்வோம். ஆனாலும் ஒரு யூனிட்டுக்கு 3.61 சதம் வித்தியாசம். ஒப்பந்தமோ 20 வருடம். அதைக் கட்டியிருக்கப் போவது யார்? லயத்தில் ஒரு பல்ப் எரிப்பவரும்தான். இன்னொன்று: ஹேலீஸ் நமக்குப் புதியவர்கள் அல்ல. தலவாக்கலை, களனிவெலி, ஹொரணை பெருந்தோட்டக் கம்பனிகள் அவர்களுடையவை. கேள்வி கேட்டு, விலைமனுவைத் திறந்து பார்த்தால், கம்பனிகளுக்கும் குறைந்த விலை கட்டுப்படியாகிறது என்பதைச் சம்பளப் பேச்சுவார்த்தையில் இருப்பவர்கள் நினைவில் வைக்கட்டும்.

ஆனால் இந்தக் கரையில் வாழ்பவர்களிடம் கேட்டால் விலை சதத்தில் மட்டும் இல்லை என்பார்கள். காற்றாலைக்குப் போட்ட ரோடுகளால் மழைத்தண்ணி ஓடாமல் ஊருக்குள் நிற்கிறது, கரைவலைக்கு இடம் போகிறது, இல்மனைற் மண்ணுக்கும் ஆள் வருகிறார்கள் என்று 2025 ஆகஸ்டில் வீதிக்கு இறங்கினார்கள். அரசாங்கம் வேலையை ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. மின்சாரம் நாட்டுக்கு வேண்டும், நமக்கும் வேண்டும். அதற்காக மன்னார்க்காரர் மட்டும் வெள்ளத்தில் நிற்க வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது. நாட்டின் டொலருக்காக நாம் மட்டும் லயத்தில் கிட என்று 200 வருடம் நமக்குச் சொன்னவர்களின் பேச்சு அது. நவம்பர் டித்வா புயலில் மலையில் மண் சரிந்ததும், இங்கே வயலும் ஊரும் மூழ்கியதும் ஒரே கிழமைதானே.

சரி, அந்த 200 ரூபாவுக்குத் திரும்புவோம். மாதம் 25 நாள் வேலைக்குப் போனால் 5,000 ரூபா. இனி எதிர்க்கணக்கு. வற் வரி 2022இன் தொடக்கத்தில் 8 வீதம், 2024 ஜனவரி முதல் 18 வீதம். எல்லாச் சாமானுக்கும் இல்லை. ஆனால் அந்த வரி உள்ள சாமான் 10,000 ரூபாவுக்கு வாங்கினால் அதில் 1,525 ரூபா வரி. சம்பளம் முழுவதும் கடையில் முடிகிற வீட்டுக்கும், சம்பளத்தில் பாதியை வங்கியில் போடுகிற வீட்டுக்கும் ஒரே வீதம். அது மட்டுமா? 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை. நமது ஊழியர் சேமலாப நிதியின் முறிகளை மாற்றச் சொன்னார்கள். மாற்றாவிட்டால் 14 வீத வரி 30 ஆகும் என்று சட்டம் போட்டார்கள். வங்குரோத்தான நாட்டைத் தூக்கி நிறுத்த, கொழுந்து பறித்தவளின் ஓய்வுகாலக் காசு கைகொடுத்தது. மதவாச்சிக் கடையில் இருந்தவருக்கும் சேமலாப நிதி இருக்கக்கூடும். அவரும் நாமும் ஒரே பையிலிருந்துதான் கொடுத்திருக்கிறோம்.

நமது அபிப்பிராயம், சங்கத்தில் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்: அந்த 200 ரூபாவின் பெரும் இலாபம் கம்பனிக்கு. கம்பனி கொடுக்க வேண்டிய சம்பளத்தில் ஒரு பங்கைத் திறைசேரி தூக்குகிறது. முதலாளிக்குக் கொடுத்தால் அது 'ஊக்குவிப்பு', தொழிலாளிக்குக் கொடுத்தால் 'நிவாரணம்', இதுதான் இந்த நாட்டின் அகராதி. பணத்தை வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை, பசியோடு கொள்கை பேச முடியாது. ஆனால் பொதுப்பணம் வாங்கும் கம்பனியின் கணக்குப் புத்தகத்தைப் பொதுமக்கள் பார்க்க வேண்டும். ஏலத்தில் என்ன விலைக்குத் தேயிலை போனது, குத்தகையாக என்ன கட்டினார்கள், லயத்துக்கு என்ன செலவழித்தார்கள் என்று காட்டட்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். இது ஆறுகூட இல்லை, கம்பனி.

சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒரு வேலை தருகிறோம். ஒரு மாதம் கடைச்சிட்டை, மின்பட்டியல், போன் ரீலோட் சிட்டை எதையும் எறியாதீர்கள். ஒரு பையில் போட்டு வையுங்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகள் வரியை மட்டும் தனியே கூட்டிக் கொண்டுவரட்டும், வீதக் கணக்கு பாடத்திலும் இருக்கிறது. சிட்டை தராத கடையில் கேட்டு வாங்குங்கள். அதோடு, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் உடைந்த ரோடு ஒன்று, தண்ணிக்குழாய் ஒன்று, பிள்ளைக்காம்பரா ஒன்று என்று எழுதி, 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தைக் குறிப்பிட்டுப் பிரதேச சபைக்குக் கடிதம் போட வேண்டும். மாதிரிக் கடிதம் நாம் தருகிறோம்.

திரும்பும்போதும் பஸ் மதவாச்சியில்தான் நிற்கும். பெரியவரும் தம்பியும் அந்தச் சண்டையை அங்கே தொடரட்டும், கொஞ்சம் சத்தமாகவே. அதற்கு முன் பள்ளிமுனையில் பெருக்க மரம் பார்க்க வேண்டுமென்று பிள்ளைகள் காலையிலிருந்து கேட்கிறார்கள். இரண்டு மணிக்குள் எல்லோரும் பஸ்ஸில் ஏறுங்கள்.