பேராசிரியருக்குப் பக்கத்தில் நிற்பது யார்?

அவைத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர்களே, ஷிஃப்ட் முடிந்து நேராக இங்கே வந்திருக்கும் அம்பத்தூர்ப் பெருமக்களே, ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் வந்திருக்கும் பேராசிரியர்களே!

1964-ல் இந்த ஊருக்குத் தொழிற்பேட்டை வந்தது. அன்றிலிருந்து எத்தனை மிஷின் இறங்கியிருக்கும்! சி.என்.சி. வந்ததே, ஆபரேட்டர் கையில் புத்தகத்தைக் கொடுத்து ‘ஓட்டு’ என்றா சொன்னார்கள்? வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றார். ஆபரேட்டர் தன் கையால் ஒரு பீஸ் போட்டு, அளந்து பார்த்து, அளவு சரியாக வரும்வரை அவர் நின்றார். முன்வரிசையில் டர்னர்கள் தலையாட்டுகிறார்கள், அவர்களுக்குத் தெரியும்!

அதே 1964-ல்தான் பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தரமணியில் ஒரு நிறுவனமும் தொடங்கினார்கள். ஆசிரியருக்கும் பயிற்சி வேண்டும் என்பது இன்று நேற்று வந்த ஞானம் இல்லை. அப்புறம் ஏன் 2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரியைப் பூட்டியபோது நம் பேராசிரியர்கள் ஆன்லைன் வகுப்பெடுக்க ஒரு போனை வைத்துக்கொண்டு தனியாகத் தவித்தார்கள்?

அடுத்த ஜனவரியில் தமிழக அரசு கல்லூரிப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 2 ஜி.பி. இலவச டேட்டா அறிவித்தது. ஒன்பதரை லட்சம் பிள்ளைகளுக்கு மேல்! மனமாரப் பாராட்டுகிறேன். பிள்ளைக்கு டேட்டா வந்தது. பாடம் நடத்துகிறவருக்கு என்ன வந்தது? வெபினார் வந்தது! ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி, எஃப்.டி.பி. என்றார்கள். ஒருவர் பேசினார், நூறு பேர் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கூகுள் படிவத்தை நிரப்பினால் சான்றிதழ். அந்த நூறு பேரில் ஒருவரையாவது ‘ஒரு பாடம் நடத்திக் காட்டுங்கள்’ என்று கேட்டார்களா?

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. பெயர் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கியிருக்கிறார். வேதியியல் ஆசிரியை. இரண்டு புத்தக அடுக்கு, குறுக்கே ஒரு மர ஸ்கேல், அதன் மேல் போனைக் கவிழ்த்து வைத்து, கீழே தாளில் சமன்பாடு எழுதுவார். நாலைந்து வரிக்கு ஒருமுறை நிறுத்தி ஒரு கேள்வி. விடையை நோட்டில் எழுதி வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். ராத்திரி உட்கார்ந்து அத்தனையும் பார்த்து, பிள்ளைகள் தப்பு விட்ட இடத்திலிருந்து மறுநாள் வகுப்பை ஆரம்பிப்பார். யார் சொல்லிக்கொடுத்தது? கூட வேலை பார்க்கும் ஒருவர் வகுப்பைக் கேட்டுவிட்டு, “மேடம், நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள பேசி முடிச்சிடுறீங்க, பசங்க எதைப் பார்ப்பாங்க?” என்றாராம். ஐயா, இதுதான் பயிற்சி! அதைச் சொன்னவருக்கு ஒரு ரூபாய் உண்டா? அந்த அம்மாவுக்காவது மாதம் பிறந்தால் சம்பளம் உண்டா?

இந்த லட்சணத்தில், சிலர் மேடை ஏறிச் சொல்கிறார்கள்: நல்ல பேராசிரியர் ஒருவரை வீடியோ எடுத்து எல்லாக் கல்லூரியிலும் ஓட்டினால் போதும், மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாமாம்! அவர்களைக் கேட்கிறேன். 2003-ல் ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. நாட்டின் தலைசிறந்த பேராசிரியர்களின் பாடங்கள், யாரும் காசில்லாமல் பார்க்கலாம். அதை நடத்துகிறவர்களே கல்லூரிகளில் உள்ளூர்க் கிளை வைத்து, மாணவர்களுக்கு வழிகாட்ட அந்தக் கல்லூரி ஆசிரியர்களையே கேட்கிறார்களே, ஏன்? வீடியோ எடுத்தவர்களுக்கே தெரிகிறது, வகுப்பில் ஒரு மனிதர் வேண்டும் என்று! வகுப்புக்குள் நுழைந்து ஒரு மணி நேரம் நின்று பார்க்காதவர்களுக்குத்தான் தெரியவில்லை! இப்போது ஏஐ வந்துவிட்டதாம், மறுபடி அதே பாட்டு!

முதல்வர்களே, உங்களிடம் நான் பணம் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை கொடுங்கள். ஆவடியிலிருந்து தரமணிக்கு இந்த டிராஃபிக்கில் போய்வரச் சொல்லாதீர்கள், பயிற்சி இங்கேயே நடக்கட்டும். ஒருவர் தன் பாடத்தைப் புது முறையில் நடத்தட்டும், பக்கத்துக் கல்லூரிக்காரர் உட்கார்ந்து பார்த்துச் சொல்லட்டும். அந்த நாளைப் பணி நாளாகக் கணக்கில் எழுதுங்கள். கௌரவ விரிவுரையாளர் வந்தால் அவருக்கும் அன்றைய ஊதியம் கொடுங்கள். இடத்துக்குக் கவலை வேண்டாம், இந்த அரங்கை வாடகையில்லாமல் தருவதாக இதை நடத்தும் சங்கத்தின் தலைவர் சற்றுமுன்தான் என் காதில் சொன்னார். அவருக்கு ஒரு பலத்த கைதட்டல் கொடுங்கள்.