எந்த வரியில் நின்றாய்?

(பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவ மாணவியருக்கு நோட்டுப் புத்தகங்கள் வழங்கும் நிகழ்ச்சியில், நமது டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஜமாஅத் பெரியவர்களே, பெற்றோர்களே, தாய்மார்களே, என் அருமைப் பிள்ளைகளே!

இந்த ஆண்டு கல்வி உதவி கேட்டு வந்த மனுக்களைப் படித்தபோது ஒரு விஷயம் மனதை உறுத்தியது. பத்தாம் வகுப்பில் கணக்கில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள்கூட, பதினொன்றாம் வகுப்பில் கணக்கு இல்லாத பிரிவை எடுத்திருக்கிறார்கள். கூப்பிட்டுக் காரணம் கேட்டேன். "வீட்டுல சொல்லித்தர ஆள் இல்லைங்க. டியூஷனுக்குக் கும்பகோணம் போகணும்" என்றார்கள். அத்தா வெளிநாட்டில் இருக்கிறார், அம்மா படித்தது எட்டாம் வகுப்பு. பிள்ளைகள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் ஆளே இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அடுத்த தெருவில் அதே பாடத்தைப் படிக்கிற இன்னொரு பிள்ளை இருக்கிறது.

மதரஸாவில் ஓதியவர்களுக்குத் தக்ரார் என்றால் தெரியும். உஸ்தாத் காலையில் நடத்திய பாடத்தை, இரவில் நான்கைந்து மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து திரும்பச் சொல்லிப் பார்ப்பது. ஒருவர் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள். தவறினால் திருத்துவார்கள். சொல்லிக் கொடுப்பவருக்குத்தான் பாடம் முதலில் மனதில் நிற்கும்.

அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நானே கல்லூரிக்குப் போனதும் அதை விட்டுவிட்டேன். கேட்டால் கேவலம் என்று நினைத்தேன். கணக்குத் தேர்வில் தோற்றேன். மறு தேர்வுக்கு முன் என் பெஞ்சு நண்பர் ஒருவர், விவசாயி வீட்டுப் பிள்ளை, தினமும் மாலையில் என்னோடு உட்கார்ந்தார். அவர் எனக்குக் கணக்கைப் போட்டுக் கொடுக்கவே இல்லை. "எந்த வரியில் நின்றாய்?" என்று மட்டும் கேட்பார். அந்த வரிக்கு மட்டும் வழி சொல்வார். மிச்சத்தை நான்தான் போட வேண்டும். அல்ஹம்துலில்லாஹ், தேறினேன்.

நமக்குப் பக்கத்துக் கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்தவர் கணித மேதை இராமானுஜன். அவர் தனியாக உட்கார்ந்தே எல்லாவற்றையும் கற்றார் என்று நினைக்கிறோம். அவர் வீட்டில் இரண்டு கல்லூரி மாணவர்கள் தங்கிப் படித்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் 11 வயதுக்குள் அவர் கற்றுவிட்டார். லோனியின் திரிகோணமிதி நூலும், சுமார் 5,000 தேற்றங்கள் அடங்கிய கார் என்பவரின் நூலும் அவருக்கு இரவலாகக் கிடைத்தவைதான்.

1911-ல் இந்தியக் கணிதக் கழக இதழில் அவர் ஒரு கேள்வி போட்டார். வாசகர்கள் ஒருவர் கேட்கும் கணக்குக்கு மற்றவர் விடை அனுப்பும் பகுதி அது. கணக்கு இதுதான்:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

இப்படியே முடிவில்லாமல் போனால் விடை என்ன? ஆறு மாதம் காத்திருந்தார். ஒருவரும் விடை அனுப்பவில்லை. அவரே எழுதினார்: விடை 3.

இதன் வழியைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் காட்டலாம். 3 என்பது 9-இன் வர்க்கமூலம். 9-ஐ 1 + 8 என்று பிரியுங்கள். 8 என்பது 2 × 4. அந்த 4 என்பது 16-இன் வர்க்கமூலம். 16 என்றால் 1 + 15, அதாவது 1 + 3 × 5. அந்த 5 என்பது 25-இன் வர்க்கமூலம். 25 என்றால் 1 + 4 × 6. இப்படி உள்ளே உள்ளே போகிறது. "9-ஐ 1 + 8 என்று பிரித்துப் பார்" என்று பக்கத்தில் ஒருவர் சொன்னால் போதும், பாதை தெரிந்துவிடும்.

அடுத்த ஆண்டு அவர் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார். அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணக்கு அறிந்தவர். இருவரும் இரவில் சிலேட்டோடு உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். இராமானுஜன் பல படிகளைத் தாண்டித் தாண்டி எழுதுவார். மற்றவர்களுக்கும் புரிய வேண்டுமானால் இரண்டு படிகளுக்கு நடுவே பத்துப் படிகளாவது எழுத வேண்டும் என்று நாராயண ஐயர் அவரிடம் சொன்னார். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். தேர்வுத்தாள் திருத்துபவரும் படிகளைத்தான் பார்க்கிறார். அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்துப் பழகினால் நமக்கும் படிகளை விடாமல் எழுத வரும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களை விட்டதால் இராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். ஆங்கிலத்தில் தேர்ந்த பிள்ளை கணக்குப் பிள்ளைக்கு உதவட்டும், கணக்குப் பிள்ளை அவருக்கு உதவட்டும்.

ஆகவே, இன்ஷா அல்லாஹ், வரும் சனிக்கிழமை முதல் இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம் நமது டிரஸ்ட் கூடம் திறந்திருக்கும். பெண் பிள்ளைகளுக்கு அஸர் முதல் மஃரிப் வரை. கரும்பலகையும் சாக்பீஸும் இருக்கும். தேநீர் டிரஸ்ட் பொறுப்பு. நிபந்தனை இரண்டே. ஒன்று, போட்டு முடித்த கணக்கைப் பார்த்து எழுத நோட்டைக் கொடுக்கக் கூடாது. இரண்டு, தெரியாது என்று சொல்பவரைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. உதவித்தொகை பெறும் பிளஸ் டூ பிள்ளைகள் வாரம் ஒரு நாளாவது பிளஸ் ஒன் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். அறிவுக்கும் ஸகாத் உண்டு என்பார்கள் நம் பெரியவர்கள். அதைக் கொடுக்க உங்களுக்குப் பணம் தேவையில்லை.

பெற்றோர்களே, கூடிப் படிப்பது வெறும் அரட்டை என்று தடுக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு நாள் வந்து பாருங்கள். வீடு திரும்பும் பிள்ளையிடம் எத்தனை மார்க் என்று கேட்பதற்கு முன், இன்று எந்த வரியில் நின்றாய், யார் வழி சொன்னார் என்று கேளுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.