நேர்முகப் பரீட்சைக்குப் பிள்ளை எதைக் கொண்டு போவது?

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் பெற்றோருக்கு ஆற்றிய உரை)

தாய்மாரே, தகப்பன்மாரே, சங்கத் தோழர்களே,

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் நம்மிடம் வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான். "டீச்சர், டவுன் ஸ்கூல்ல நேர்முகப் பரீட்சையாம், சங்கத்துல ஒரு கடதாசி தருவீங்களா?" நாமும் கொடுத்திருக்கிறோம், ஒளிக்கவில்லை. ஆனால் அதை மேசையில் வைத்துவிட்டுப் பிள்ளை வாய் திறக்காமல் நின்றதையும் பார்த்திருக்கிறோம்.

கடதாசி என்றால் நமக்கு வரும் பயம் பழைய பயம். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பாட்டன் பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. மிஞ்சிக் கிடந்தவர்களுக்கும் உரிமை கொடுக்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. ஆகவே பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் கடிதம் எல்லாவற்றையும் மூலமும் பிரதியுமாக எடுத்து வையுங்கள். எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அது முடிந்தால் பாதி வேலைதான் முடிந்தது.

போன வருடம் நம் மேல் கணக்குப் பிள்ளை ஒன்றுக்குக் கடிதம் வந்தது. தோட்டக் கந்தோரில் ஐந்து நாள் கிடந்து, பரீட்சைக்கு முதல் நாள் பொழுதுபடத்தான் கைக்குக் கிடைத்தது. (அந்த விஷயத்தைச் சங்கம் வேறாகப் பேசுகிறது.) படிப்புக்குப் புறம்பான திறமையைக் காட்ட எதையாவது கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். தகப்பன் பக்கத்து லயத்துப் பையனின் கரப்பந்துக் கோப்பையை இரவல் வாங்கி வந்துவிட்டார்! பிள்ளை அழுதுகொண்டு நம்மிடம் வந்தாள்.

நாம் கேட்டது இதுதான்: "யாரும் கேட்காமலே கால் மணித்தியாலம் நீ எதைப் பற்றிப் பேசுவாய்?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஓடிப்போய் ஒரு கொப்பியை எடுத்து வந்தாள். எட்டாம் வகுப்பிலிருந்து அம்மாவின் கொழுந்துக் கணக்கை எழுதியிருக்கிறாள். தேதி, மலை, ஒவ்வொரு நிறுவையிலும் எத்தனை கிலோ, எத்தனை கிலோ கழிவு, முழுப்பேரா அரைப்பேரா, மாதக் கடைசியில் சம்பளச் சிட்டையோடு ஒத்துப் பார்த்த கணக்கு. மழை நாளில் எழுதிய பக்கங்களில் மை ஊறிக் கிடந்தது.

தாய்க்கு மனம் ஒப்பவில்லை. "ஐயோ டீச்சர், லயத்துப் புள்ளைன்னு தெரிஞ்சிடுமே. கணக்கப்பிள்ளை காதுக்குப் போனா என் பேர வெட்டிருவாங்க." இரண்டாவது பயத்தை நாம் லேசாக எடுக்கவில்லை. தோட்டத்தின் பெயர் இருந்த அட்டையைக் கழற்றி வேறு அட்டை போட்டோம். முதல் பயத்துக்கு நம்மிடம் மருந்து இல்லை. பிள்ளைதான் சொன்னாள்: "விலாசத்துல லயம்னுதானே இருக்கு, அம்மா."

உள்ளே ஒரு சேர் கொப்பியைப் புரட்டிவிட்டு, கழிவு என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார். சாக்கின் பாரம், இலையின் ஈரம் என்று சொல்லிக் கழிப்பதை விளக்கியிருக்கிறாள். நிறுவைக்கு 2 கிலோ, நாளைக்கு 3 நிறுவை, 20 நாள் வேலை என்றால் மாதம் எவ்வளவு என்றதும் 120 கிலோ என்று வாயாலேயே சொன்னாளாம். வர்த்தகப் பிரிவில் இடம் கிடைத்தது. கொப்பியாலா பெறுபேற்றாலா என்று நமக்குத் தெரியாது. வெளியே வந்தபோது அவள் தலை நிமிர்ந்திருந்தது, அது தெரியும். தாய் கேட்ட முதல் கேள்வி: "கொப்பியத் திருப்பித் தந்தாங்களா? சம்பளம் வருதே."

ஆகவே பொருளை நீங்கள் தெரிவு செய்யாதீர்கள், பிள்ளையைக் கேளுங்கள். இந்த வருடம் ஒரு பையன் அப்பாவின் கவ்வாத்துக் கத்தியைக் கொண்டு போகலாமா என்றான். கத்தியோடு பள்ளிக்கூட வாசலில் நின்றால் என்ன ஆகும்! வெட்டிய கிளை ஒன்றை எடு, ஏன் வெட்டுகிறார்கள், வெட்டாவிட்டால் செடி என்ன ஆகும் என்று அப்பாவிடம் கேட்டு வா என்றோம். அப்பாவும் மகனும் மூன்று நாளாக அதையே பேசுகிறார்களாம். அந்த வீட்டில் அவ்வளவு பேச்சு நடந்து எத்தனை காலமோ.

சனிக்கிழமை வேலை விட்டதும் பிள்ளைக்காம்பராவில் இருப்போம். பிள்ளையையும் கடதாசிகளையும் கூட்டி வாருங்கள், பிள்ளை சொல்கிற பொருளையும் எடுத்து வாருங்கள். பேசிப் பார்ப்போம். நேர்முகப் பரீட்சை நாளில் பெற்றோர் ஒருவருக்குப் பேர் போகும். எந்த நாள் என்று தோட்டத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.