பட்டம் வந்த வழி, போன வழி
(நாகர்கோவிலில் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



வகுப்பில் பட்டப்பெயர்களைப் பற்றிப் பேசும்போது ஒரு சிக்கல் எழுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு மாணவன், “இது எங்க குடும்பப் பட்டம், சார்” என்று நிமிர்ந்து உட்காருவான். அவனுக்குப் பக்கத்தில் இருப்பவன் தலை குனிவான். வரலாற்றுப் பாடம் பிள்ளைகளை இப்படிப் பிரிக்கக் கூடாது. அதற்கு நல்ல மருந்து பட்டத்தின் வரலாற்றையே சொல்லிக் கொடுப்பதுதான்.

பிள்ளைகளுக்குத் தெரிந்த ‘கான்ஸ்டபிள்’ என்ற சொல்லிலிருந்து தொடங்குங்கள். அதன் இலத்தீன் மூலத்துக்குக் குதிரை லாயத்தின் அதிகாரி என்று பொருள். இடைக்காலப் பிரான்சில் அவரே அரசரின் படைத்தலைவராக உயர்ந்தார். 1370இல் அப்பதவியைப் பெற்ற பெர்த்ராண்ட் து கெக்ளான், பெருங்குடியில் பிறந்தவர் அல்லர். சிறு பிரபுக் குடும்பத்தவர். 1627இல் அந்தப் பதவியே ஒழிக்கப்பட்டது. இன்று அந்தச் சொல் நம் ஊர்க் காவல் நிலையத்தில் இருக்கிறது.

இதற்கு இணையான பட்டம் நம் நாஞ்சில் மண்ணிலும் உண்டு. அதுதான் ‘தளவாய்’. தளம் என்றால் படை. ‘தளபதி’ என்பதிலும் அதே சொல்தான். மதுரை நாயக்கர் ஆட்சியில் அரியநாத முதலியார் தளவாயாக இருந்தார். திருவிதாங்கூரில் தளவாய் என்பவர் படையையும் நிர்வாகத்தையும் சேர்த்துக் கவனித்த முதன்மை அமைச்சர்.

பரம்பரைச் செல்வாக்குடைய எட்டுவீட்டுப் பிள்ளைமாரை ஒடுக்கிய மார்த்தாண்ட வர்மர், தம்மால் நியமிக்கவும் நீக்கவும் கூடிய அலுவலர்களைக் கொண்டு ஆண்டார். அவர்களில் முதன்மையானவர், 1737 முதல் 1756 வரை தளவாயாக இருந்த இராமய்யன். 1741இல் குளச்சலில் டச்சுக்காரர் தோற்றது இவர் காலத்தில்தான். அவர்கள் தரப்பில் இருந்து பிடிபட்ட டிலனாய், பின்னாளில் திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்து ‘வலிய கப்பித்தான்’ எனப் பெயர் பெற்றார். கைதியாக வந்தவருக்கும் இங்கே பட்டம் கிடைத்தது.

விளவங்கோடு வட்டாரத்துக் குன்னத்தூரில் பிறந்த கேசவதாஸ், 1789இல் பொறுப்பேற்றபோது ‘திவான்’ என்ற பட்டத்தை ஏற்றார். அது பாரசீகத்திலிருந்து வந்த சொல். ‘ராஜா’ என்பது ஆங்கிலேயர் அவருக்கு அளித்த சிறப்புப் பெயர். பிள்ளைகள் அவரை அரசர் என்று எழுதினால், அந்த இடத்தில் நின்று விளக்குங்கள்.

தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி மீண்டும் தளவாய் என அறியப்பட்டார். 1805 உடன்படிக்கைக்குப் பின் கம்பெனிப் படைக்கான செலவு நாட்டை அழுத்தியது. ரெசிடெண்ட் மெக்காலேயுடன் பகை முற்றியது. 1809 ஜனவரியில் குண்டறை அறிக்கை வெளியானது. பிப்ரவரியில் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரணைக் கைப்பற்றியது. வேலுத்தம்பி மண்ணடியில் உயிர் நீத்தார். 1811இல் ரெசிடெண்ட் கர்னல் மன்றோவே திவான் ஆனார். நாட்டின் காவல் கம்பெனியின் கைக்குப் போன பிறகு, படைத்தலைவரைக் குறிக்கும் பட்டத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1947 வரை ஆண்ட அமைச்சர்கள் திவான்களே.

வகுப்பில் எந்தப் பட்டம் வந்தாலும் மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். இதை யார் கொடுத்தார்? இதற்குரிய வேலை என்ன? அது ஏன் நின்றது? பத்மநாபபுரம் அரண்மனைக்கும், டிலனாய் கல்லறை உள்ள உதயகிரிக் கோட்டைக்கும் அழைத்துப் போகும்போது இதே கேள்விகளுக்கு விடை எழுதி வரச் சொல்லுங்கள்.

பட்டம் ஒரு வேலைக்கு வந்தது, வேலை முடிந்ததும் போனது என்று எழுதிப் பார்த்த பிள்ளை, பக்கத்தில் இருப்பவனைப் பெயரைக் கொண்டு அளக்க மாட்டான். அந்த விடைத்தாள்களை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம்.