நிழல் இல்லா நாள்

அறிவியலை மக்களிடம் கொண்டு செல்வதற்காக 1980இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அறிவியல் இயக்கம், கிரகணக் காலங்களில் சூரியக் கண்ணாடிகளுடன் ஊர் ஊராகச் செல்வதைப் பலர் அறிவர்; ஆனால் அதன் தன்னார்வலர்களும் பிற வானியல் ஆர்வலர்களும் பள்ளிகளில் கொண்டாடும் நிழல் இல்லா நாளே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற சென்னைப் புறநகர்ப் பகுதிகளுக்குக் கூடுதலாகப் பொருந்துவது, ஏனெனில் விளக்கொளியும் தூசியும் மங்கச் செய்துவிட்ட இரவு வானத்தை நம்பாமல், பட்டப்பகலில், காசு செலவின்றிச் செய்யத்தக்க வானியல் அது.

கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை மட்டுமே தலைக்கு நேர் மேலே வருவதால், அந்நாள்களின் உச்சிவேளையில் செங்குத்தாக நிற்கும் பொருளின் நிழல் அதன் அடியிலேயே அடங்கிவிடுகிறது. கடக ரேகைக்கு வடக்கேயுள்ள தில்லிக்கு இது ஒருநாளும் வாய்ப்பதில்லை. ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில், அதாவது நிலநடுக்கோட்டிலிருந்து அவ்வளவு கோணத் தொலைவில், அமைந்த சென்னைக்கு நிழல் இல்லா நாள்கள் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாள்களை ஒட்டி அமைகின்றன. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவதாலும், சென்னை அதற்கு மேற்கே இருப்பதாலும், உச்சிவேளை கடிகாரத்தின் பன்னிரண்டுக்குச் சற்றுப் பிந்தியே வருகிறது.

வானியலை மக்களுக்கு விளக்கும் மரபு இந்நகருக்குப் புதிதன்று; சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874ஆம் ஆண்டின் வெள்ளி இடைநகர்வை, அதாவது சூரியவட்டத்தின் குறுக்கே வெள்ளிக்கோள் கடப்பதை, விளக்கிச் சிறுநூலே வெளியிட்டார்.

வரும் ஏப்ரல் 24 அன்று பகல் 12.07 மணியளவில், வீட்டு மொட்டைமாடியில் ஒரு குழாய்த்துண்டைச் செங்குத்தாக நிறுத்தி, பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு அதன் நிழலை அளந்து பாருங்கள்; சூரியனை மட்டும் வெறுங்கண்ணால் பார்க்க வேண்டாம்.