இரைப்பையின் வேகமும் குடலின் கட்டளையும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த நிலங்களில் உழைப்போர், கம்பும் சோளமும் உண்டால் பசி தாங்கும் என்று சொல்வதுண்டு. அதற்கு ஒத்த சான்று மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் நடந்து 2018இல் வெளியான ஆய்வொன்றில் கிடைக்கிறது. அங்கே கம்பாலும் சோளத்தாலும் சமைத்த கெட்டியான உணவுகள், அரிசிச் சோற்றைவிட மிக மெதுவாகவே இரைப்பையை விட்டு நீங்கின. ஆயினும் உண்டவர்கள் நோயாளிகள் அல்லர். ஆகவே இரைப்பை மெல்லக் காலியாவதையே நோயென்று கொள்வது பொருந்தாது.

நாலு வாய் உண்டதுமே வயிறு நிறைந்து, மேல்வயிறு உப்பி, மந்தம் மாதக்கணக்கில் நீடித்தும், எண்டோஸ்கோபியில் புண்ணோ கட்டியோ தென்படாத நிலையை மருத்துவர்கள் செயல்சார் செரியாமை என்பர். இவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரையிலானோருக்கே இரைப்பை காலியாவதில் தாமதம் காணப்படுகிறது. தாமதத்தின் அளவுக்கும் தொல்லையின் அளவுக்கும் நெருங்கிய பொருத்தமும் இல்லை.

விளக்கத்தை இரைப்பைக்குக் கீழே, முன்சிறுகுடலில் தேடவேண்டும். எண்ணெய்ப் புரோட்டாவின் கொழுப்பு அங்கு வந்து சேர்ந்ததும், குடற்சுவரின் செல்கள் கொலிசிஸ்டோகைனின் என்னும் ஹார்மோனை, அதாவது இரத்தத்தில் கலந்து பிற உறுப்புகளுக்குச் செய்தி கொண்டுசெல்லும் பொருளைச் சுரக்கின்றன. பித்தப்பையைச் சுருங்கச் செய்வதாக 1928இல் ஐவி, ஓல்ட்பெர்க் ஆகியோர் கண்டறிந்த இப்பொருள், இரைப்பையின் அடிவாயிலை இறுக்கி, மேற்பகுதியைத் தளர்த்தி, கொழுப்பு செரிக்கும்வரை அடுத்த கவளத்தைத் தடுத்து நிறுத்துகிறது. செரியாமை உடையோரின் முன்சிறுகுடலில் கொழுப்பைச் செலுத்தியபோது, நலமுள்ளோருக்கு உண்டாகாத குமட்டலும் நிறைவும் அவர்களுக்கு உண்டாயின. கொலிசிஸ்டோகைனின் பற்றும் ஏற்பிகளை மருந்தால் அடைத்தபோது அவை தணிந்தன. ஆகவே குறை பெரும்பாலும் கட்டளையை மிகையாக உணர்வதில் இருக்கிறது எனலாம். அமிலம் குறைக்கும் மாத்திரை சிலருக்கு உதவினும் பலருக்குப் போதாமற்போவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

எதிர்த்திசையில் இயங்கும் ஹார்மோன்களும் உண்டு. வெறும் வயிற்றில் ஏறத்தாழ தொண்ணூறு நிமிடத்திற்கொரு முறை எழுந்து, இரைப்பையில் எஞ்சியதைக் கீழே தள்ளும் துடைப்பலைக்கு மோட்டிலின் துணைபுரிகிறது. 1999இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா ஆகியோர் கண்டறிந்த கிரெலின் பசியைத் தூண்டி, இரைப்பையை விரைவுபடுத்துகிறது.

கீழ்க்குடலில் சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்னும் ஹார்மோனோ கொலிசிஸ்டோகைனினைப் போல இரைப்பையை மெதுவாக்குவது. அதனைப் போன்று செயற்படும் ஊசிகள் இன்று மருந்துக்கடைக்கும் வந்துவிட்டன. அவற்றை நீரிழிவுக்கோ உடல் எடையைக் குறைக்கவோ எடுத்துக்கொள்வோருக்குக் குமட்டலும் விரைவில் வயிறு நிறைதலும் தோன்றுவதுண்டு. செரியாமைக்காக மருத்துவரிடம் செல்லும்போது அந்த ஊசியின் பெயரையும் அவரிடம் தெரிவிக்க வேண்டும்.