தரங்கம்பாடியில் எதைப் பார்ப்பது?

காரைக்காலிலிருந்து பூவம் தாண்டி வடக்கே போனால் பொறையார், அதை அடுத்துத் தரங்கம்பாடி. காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்பிவிடலாம் என்பதால், விடுமுறை நாள்களில் நம் ஊர்க் குடும்பங்கள் அங்கே போய்வருவது வழக்கம். கோட்டை, கடற்காற்று, நாலு புகைப்படம், சாப்பாடு. போவதில் குறை இல்லை, பார்க்கும் விதத்தில்தான் குறை. டேனியர் ஊர் என்று சொல்லிக்கொண்டு போகிறோம். அந்த ஊரைப் புத்தக உலகம் மறக்காதபடி செய்த ஜெர்மானியரையும், அவர்களுக்குத் தமிழ் கற்பித்த நம்மவரையும் விட்டுவிட்டு வருகிறோம்.

1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று டேனியர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டைக்குப் பின்னால் இருந்தது மிளகு வியாபாரம். வியாபாரம் நொடித்தது, 1845-இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். நடுவில் 1706 ஜூலையில் இருவர் வந்து இறங்கினார்கள்: சீகன்பால்கு, புளூட்சோ. அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக். வந்தவர்களோ ஹாலே நகரத் தொடர்புள்ள ஜெர்மானிய லுத்தரன் போதகர்கள். கோட்டை அதிகாரிக்கு இவர்களைக் கண்டாலே ஆகவில்லை. சீகன்பால்கைச் சில மாதம் அந்தக் கோட்டையிலேயே அடைத்துவைத்தார். ஆக, கோட்டையைப் பார்க்கிறவர்களும் இந்தக் கதையைத் தவிர்க்க முடியாது. யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அவர்கள் விட்டுப்போனவற்றில் நான் முதலிடம் கொடுப்பது அச்சுக்கலைக்கு. இங்கிலாந்திலிருந்து அச்சு எந்திரம் வந்தது. தமிழ் எழுத்துகளை ஹாலேயில் வார்த்து, 1713-இல் ஆட்லர் என்ற அச்சுக்காரரோடு அனுப்பினார்கள். அந்த எழுத்துகள் பெரியவை, காகிதத்தை விழுங்கின. அதனால் சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடிப் பக்கத்திலேயே வார்த்தார்கள். பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கினார்கள் என்றுகூடச் சொல்வார்கள். காகிதத்துக்காகப் பொறையாரில் ஓர் ஆலை எழுந்தது. 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுதும் தமிழில் அச்சாகிவிட்டது. இத்தனைக்கும் அடியில் இருந்தது தமிழர் உழைப்பு. வந்தவருக்கு மணலில் எழுத்து பழகக் கற்றுக்கொடுத்த வாத்தியார் ஒருவர். மொழிபெயர்த்து உதவிய அழகப்பன் இன்னொருவர். பாதிரியார்களின் கேள்விகளுக்குத் தமிழர் எழுதிய 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் ஹாலேயில் வெளியாயின.

முதல் தமிழ் அச்சு இங்கே இல்லையே என்று விவரம் தெரிந்தவர்கள் மறுக்கலாம். சரிதான். கொல்லத்தில் 1578-லேயே ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. அம்பழக்காட்டில் 1679-இல் தமிழ்–போர்த்துகீசிய அகராதி வந்தது. அதோடு அந்த முயற்சி ஓய்ந்தது. தரங்கம்பாடி அச்சகமோ தலைமுறை கடந்து நடந்தது. முதலில் தொடங்கியதைவிட, நின்றுபோனதை எடுத்து நிலைக்கச் செய்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். அடுத்த மறுப்பு கனமானது: இதெல்லாம் மதமாற்றத்துக்குத்தானே? ஆமாம், நோக்கம் அதுதான். அதை மழுப்பத் தேவையில்லை. ஆனால் நோக்கம் ஒன்றாக இருக்க, விளைவு அதைத் தாண்டிப் போனது. மதம் பரப்ப வந்த சீகன்பால்கு தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி 1708-இல் அட்டவணை போட்டார். நம் தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு நூலே எழுதினார். ஹாலேயில் இருந்த மேலவர்களுக்கு அது பிடிக்கவில்லை. சென்னையில் அது அச்சேற 1867 ஆயிற்று. தம் தலைவர்களையே சங்கடப்படுத்திய அந்தப் புத்தகத்தை வெறும் பிரசாரம் என்று தள்ளிவிட முடியுமா? கிறிஸ்தவரல்லாத தமிழருக்கும் அதில் தம் முன்னோரின் குரல் கேட்கும்.

அப்படியானால் ஒருநாளை எப்படிச் செலவிடுவது? நகர வாயிலில் நுழைந்து ராஜவீதியில் நடங்கள். 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தில் சீகன்பால்கின் கல்லறை இருக்கிறது. மறு ஆண்டே, முப்பத்தாறு வயதில் இறந்தவர் அவர். அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். கோட்டைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது அங்கே கொடுக்கலாம். பிறகு கடலோரம் மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போங்கள். பாண்டியர் காலத்து அந்தக் கோயிலில் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. டேனியர் கால் வைப்பதற்கு முந்நூறு ஆண்டுகள் முன்பே இந்தக் கரையில் ஊர் இருந்ததற்கு அது சாட்சி. கோட்டையை மாலையில் பாருங்கள். வெயில் தாழ்ந்திருக்கும், பிள்ளைகளும் விளையாடலாம்.